பினாங்கிலிருந்து வந்த பார்ட்டி

பினாங்கில் துணி காயப்போடுவது மூங்கில் கழியில். மாடி ஜன்னலில் கழியைச் செருகி வெளியே நீட்டிவிட்டால், ரோட்டுக்கு மேலே சட்டையும் கைலியும் ஆடிக்கொண்டிருக்கும். வந்த புதிதில், வீட்டு மானமே தெருவில் தொங்குகிறதே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. பிறகு பழகிப்போயிற்று. ஒரு நாள் காலையில் துறைமுகத்துக்குக் கப்பல் வந்து, வெள்ளைக்காரர்கள் கூட்டமாக ஊர் பார்க்க இறங்கினார்கள். அதில் ஒரு அம்மாள் எங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே வந்து நின்று, கேமராவைத் தூக்கி, என் வீட்டுக்காரரின் பனியன்களைப் படம் எடுத்தாள். தள்ளி நின்று ஒன்று, குனிந்து ஒன்று, எதிர்த் தெருவுக்கே போய் நின்று ஒன்று. மேலே நான் நிற்பதைப் பார்த்துவிட்டுக் கையை வேறு ஆட்டினாள். பனியனைப் பார்க்கவா மகராசி இத்தனை தூரம் கப்பலேறி வந்தாள் என்று எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

பக்கத்து வீட்டுச் சீனப் பெண் லிம்மும் தன் ஜன்னலில் நின்று சிரித்தாள். நாங்கள் இருவரும் கடைத்தெரு மலாயில் பேசிக்கொள்வோம். அவளுக்கு அது அரைகுறை, எனக்கு அதிலும் அரைகுறை. அந்தப் பனியன் உன் ஊரிலிருந்து வந்ததா என்று கேட்டாள். ஆமாம், திருப்பூர், என் அண்ணன் அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்புவார் என்றேன். "சானா அப்பா அடா?" என்றாள். அங்கே என்ன இருக்கிறது என்று கேட்கிறாள். "தாக் தாவு" என்றேன். தெரியாது என்று அர்த்தம். லிம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பஞ்சத்திலோ சண்டையிலோ அழிந்துபோன ஊர் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. உள்ளே போய் ஒரு கிண்ணம் நிறையப் பழம் கொண்டுவந்து கொடுத்து, என் முதுகைத் தடவிவிட்டுப் போனாள்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் நம்பமாட்டீர்கள். ஆனால் பொய் இல்லை. கல்யாணமாகிக் கப்பலேறும் வரைக்கும் திருப்பூரிலேயே இருந்தவள் நான். சின்ன வயசிலிருந்தே எங்கள் வீட்டுப் பெண்கள் வெளியே போவதென்றால் குதிரைவண்டி வாசலுக்கே வரும். வண்டிக்கு முன்னும் பின்னும் திரை. திரைக்குள்ளே நாங்கள் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, கட்டிவைத்த பனங்கிழங்கு மாதிரி நெருக்கியடித்து உட்கார்ந்திருப்போம். ஊரை எனக்குக் காதாலும் மூக்காலும்தான் தெரியும். பருத்திக்கொட்டை வாசம் வந்தால் பருத்தியை அரைத்துக் கொட்டை எடுக்கிற இடம். கார நெடி வந்தால் நொய்யல் கரை, துணி வெளுக்கிறார்கள். இரைச்சல் கூடினால் பக்கத்தில் கடைவீதி. எங்கள் அத்தா, அதாவது அப்பா, பனியன் கம்பெனி வைத்திருந்தார். தினமும் அவருக்குச் சோற்றுத் தூக்கைக் கட்டிக் கொடுத்தனுப்பியது நான்தான். சாயங்காலம் அவர் வீடு திரும்பும்போது புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும், அதைத் தட்டிவிடுவதும் நான்தான். அந்தப் பஞ்சு எங்கேயிருந்து பறந்து வந்து ஒட்டுகிறது என்று பார்த்ததே இல்லை. அப்போது அது குறையாகவும் தெரியவில்லை. எல்லார் வீட்டிலும் அப்படித்தானே.

பினாங்குக்கு வந்தபிறகுதான் எனக்குக் கால் முளைத்தது. இங்கே என் மாமியார் முதல் வாரமே கூடையைக் கையில் கொடுத்து, மீன் வாங்கி வா என்றார். எந்தச் சந்தில் நுழைந்தால் எங்கே வெளியே வரலாம் என்று இன்றைக்கு எனக்கு அத்துப்படி. பிறந்த ஊரில் ஒரு சந்து தெரியாது. லிம் கொடுத்த பழத்தைத் தின்னத் தின்ன எனக்கு ரோஷம் வந்தது. அதோடு இன்னொன்றும் இருந்தது. அத்தா மவுத்தான செய்தி எனக்குத் தந்தியில்தான் வந்தது. கப்பல் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று போகவில்லை. அவர் முகத்தைத்தான் பார்க்கவில்லை, வாழ்நாளெல்லாம் அவர் நின்ற இடத்தையாவது ஒரு தடவை கண்ணால் பார்க்கவேண்டும் என்று மனசில் விழுந்துவிட்டது. பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, வீட்டுக்காரரை அரித்தெடுத்து, அவரோடு நாகப்பட்டினம் கப்பலில் ஏறினேன். இனி இந்தச் செலவுக்கு இன்னொரு தடவை அவர் சம்மதிக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

திருப்பூரில் இறங்கியதிலிருந்து விருந்துதான். காலையில் சந்தகையும் கறிக்குழம்பும், மத்தியானம் நெய்ச்சோறு, நடுவில் யாராவது தூக்கில் எதையாவது கொண்டுவந்துவிடுவார்கள். நான் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்தால் போதும், எங்கே போறே, என்ன வேணும் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். சாப்பாட்டு வேளையில் மெல்ல அண்ணனிடம் கேட்டேன்.

"அத்தா நின்ன எடத்தைப் பாக்கோணுங்ணா. கம்பெனிக்கு ஒரு தடவ கூட்டிட்டுப் போங்க."

அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அங்க என்ன கண்ணு இருக்குது, பஞ்சும் தூசியும். ஆம்பளைக பொழைக்கிற எடம். உனக்கு என்ன வேணும்னு சொல்லு, ஊட்டுக்கே வரும்."

"எனக்கு அந்த எடந்தானுங்ணா வேணும்."

"நாலு பேரு பாத்தா நாலு பேசுவாங்க. நீ கப்பலேறிப் போயிருவ. பேச்சுக் கேக்கறது நானு." அவ்வளவுதான். அண்ணன் கெட்டவர் இல்லை, கோபக்காரரும் இல்லை. என்னிடம் அதிகம் பேசிப் பழகாதவர். சின்ன வயசிலிருந்தே எங்களுக்குள் பேச்சு என்றால் சோறு போடவா, போதும், தண்ணி கொண்டா, இவ்வளவுதான்.

எனக்கு வழி திறந்துவிட்டது விறகு கொண்டுவந்த ஒரு மனிதர். அன்றைக்கு அண்ணனும் என் வீட்டுக்காரரும் கோயமுத்தூருக்குச் சரக்குப் பார்க்க விடிகாலையிலேயே போய்விட்டார்கள். நான் பினாங்கில் உடுத்துகிற பாஜு கூரோங்கைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் நின்றிருந்தேன். முழங்கால்வரை தொங்குகிற சட்டை, கீழே பூப்போட்ட கைலி, தலைக்கு ஒரு சால்வை, அவ்வளவுதான் அந்த உடுப்பு. விறகை இறக்கிய மனிதர் என்னைப் பார்த்துவிட்டு ஒதுங்கி நின்று, "அம்மா மலாயாவுங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் தெருவைத் தாண்டிவிட்டால் இந்த ஊரில் என் முகம் யாருக்கும் தெரியாது. காட்டினால்தானே தெரிவதற்கு? அடி சக்கை, இத்தனை நாள் இது தோன்றாமல் போயிற்றே என்று எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது.

உள்ளே ஓடி மதினியைப் பிடித்தேன். மதினி என் அண்ணன் மனைவி. கணியூர்க்காரர், நான் கப்பலேறிய பிறகு இந்த வீட்டுக்கு வாழ வந்தவர். "எனக்கு ஊரைக் காட்டுங்க" என்றேன்.

"நானா?" என்றார் மதினி. "நல்லாக் கேட்டீங்க போங்க. நான் வந்த நாள்ல இருந்து இந்த ஊட்டுச் செவுத்தத்தானுங்க பாத்துட்டிருக்கறேன். ஸ்டேஷன் எந்தப் பக்கம்னு கேட்டா எனக்குத் தெரியாதுங்க."

குருடிக்குக் குருடி வழிகாட்டியாக, இரண்டு பேரும் பின்வாசல் சந்து வழியாக நழுவினோம். நான் என் மலாயா உடுப்பில், மதினி தலையோடு கால் துப்பட்டியில். மூலையில் ஒரு குதிரைவண்டி நின்றது. எங்கே போக வேண்டும் என்று வண்டிக்காரர் கேட்டார். ஊரைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்றேன்.

"எந்த ஊரைங்க?"

"இந்த ஊரைத்தானுங்க."

மனிதர் தலையைச் சொறிந்தார். "இங்க என்னங்க இருக்குது பாக்கறதுக்கு? பழனி போங்க, ஊட்டி போங்க. இது பாடுபட்டுச் சம்பாரிக்கிற ஊருங்க." பிறகு நான் ஏறி உட்கார்ந்ததைப் பார்த்து, திரையை இறக்கிவிடட்டுமா என்றார். சுருட்டி மேலே கட்டிவிடுங்கள் என்றேன். மதினி என் தொடையைக் கிள்ளியது இன்னும் வலிக்கிறது.

அந்தக் காலையை எப்படிச் சொல்வேன்? ஒவ்வொரு திருப்பத்திலும் நான் கத்தாமல் இருக்க வாயில் சால்வையைத் திணித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இரைச்சலாகவே எனக்குத் தெரிந்த கடைவீதிக்கு நிறங்கள் இருந்தன. பாத்திரக் கடை, வெற்றிலைக் கடை, நூல் கடை, சைக்கிளில் பனியன் கட்டுகளைத் தலைக்கு மேலே உயரமாக அடுக்கிக்கொண்டு, தூக்குச்சட்டியை ஹாண்டில்பாரில் மாட்டிக்கொண்டு மிதித்துப் போகிற ஆட்கள். ஸ்டேஷன் பக்கம் கூட்ஸ் ஷெட்டில் கட்டுக்கட்டாகச் சரக்கு. இதெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டேன். கல்கத்தாவுக்குங்க, பம்பாய்க்குங்க என்றார் வண்டிக்காரர். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் பார்க்க ஒன்றுமில்லை என்றவர், இப்போது சவுக்கால் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் காட்டிக்கொண்டே வந்தார். இந்த இடத்துல போன வருசம் சோளக்காடுங்க, இப்பப் பாருங்க கம்பெனி. அந்தா அங்கியும் ஒரு கம்பெனி வருதுங்க. ஓரிடத்தில் வண்டியை நிறுத்தி, எங்களுக்குக் கண்ணாடி டம்ளரில் டீ வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தார். பிறந்த ஊரின் தெருவில் உட்கார்ந்து நான் குடித்த முதல் டீ அது. சர்க்கரை ஜாஸ்தி, ஆனால் எனக்கு அமிர்தமாக இருந்தது.

பெரிய வேடிக்கை என் மாமி வீடு. சின்ன வயசில் மாமி வீட்டுக்குப் போவதென்றால் வண்டி போகும், போகும், போய்க்கொண்டே இருக்கும். மாமி ஊருக்கு அந்தக் கடைசியில் இருக்கிறார் என்றே நான் நினைத்திருந்தேன். அன்றைக்கு ஒரு சந்தின் முனையைத் தாண்டும்போது பச்சைக் கதவும், வாசலில் வேம்பும் கண்ணில் பட்டன. மாமி வீடு. எங்கள் வீட்டுக்குப் பின்தெருவுக்குப் பின்தெரு. கூப்பிட்டால் காது கேட்கும். கடைவீதி வழியாகப் பெண்கள் போகக்கூடாது என்று அத்தனை காலமும் ஊரையே ஒரு சுற்றுச் சுற்றித்தான் எங்களை அங்கே கொண்டுபோயிருக்கிறார்கள். நான் சிரித்த சிரிப்பில் மதினியும் துப்பட்டிக்குள் குலுங்கினார். சிரித்து முடிந்ததும் எனக்குக் கொஞ்சம் அழுகையும் வந்தது. எத்தனை தடவை மாமியைப் பார்க்க ஏங்கியிருக்கிறேன்.

"ஊருக்கு வந்துட்டு பனியன் கம்பெனி பாக்காமப் போகலாமுங்களா?" என்றார் வண்டிக்காரர். "பக்கத்துல ஒரு பாய் கம்பெனி இருக்குதுங்க. உங்க ஆளுங்கதான். நல்ல மாதிரி." வண்டி நின்ற இடத்தில் போர்டைப் படித்தேன். அண்ணன் அனுப்புகிற அட்டைப்பெட்டிகளின் மேலே அச்சடித்திருக்கும் அதே பெயர். அத்தா வைத்த பெயர். மதினி என் சால்வையைப் பிடித்து இழுத்தார். "வேண்டாமுங்க, போயிரலாம், அவிங்களுக்குத் தெரிஞ்சா என்னைக் கணியூருக்கே அனுப்பிருவாங்க" என்று காதில் கிசுகிசுத்தார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் இந்த வாசலை விட்டால் எனக்கு வேறு வாசல் கிடையாது. அண்ணன் கோயமுத்தூரில் இருக்கிறார், நீங்கள் ஒரு வார்த்தை பேசவேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

மேனேஜர் மாரப்பன் நரைத்த மீசையோடு வாசலுக்கே ஓடிவந்தார். பினாங்கிலிருந்து வந்திருக்கிறேன், கம்பெனியைப் பார்க்கலாமா என்று கேட்டதுதான் தாமதம், அவர் தானாகவே முடிவு கட்டிவிட்டார். "வாங்க வாங்க, பார்ட்டிங்களா? சரக்குப் பாக்க வந்தீங்களா? முதலாளி வெளியூரு போயிருக்காருங்க, அதனால என்னங்க, நான் காட்டறேன் வாங்க." பார்ட்டி என்றால் எங்கள் ஊரில் சரக்கு வாங்க வருகிற வியாபாரி. நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சொன்னால் கதவு மூடிவிடும்.

உள்ளே போனதும் சத்தம் நெஞ்சில் அடித்தது. வரிசையாக நிட்டிங் மிஷின்கள், ஒவ்வொன்றும் வட்டமாகச் சுற்றச் சுற்ற அடியிலிருந்து துணி குழாயாக இறங்கிக்கொண்டே இருந்தது, நிற்கவேயில்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அந்தப் பக்கம் கட்டிங் மேஜை, கத்தரி போகிற வேகத்துக்குக் கண் போகவில்லை. இன்னொரு பக்கம் தையல், இஸ்திரி, பெட்டி போடுகிற ஆட்கள். காற்றெல்லாம் பஞ்சு. அங்கே இருந்த ஒவ்வொருவர் புருவத்திலும் பஞ்சு. இங்கேயிருந்துதான் வந்ததா அது என்று நினைத்தேன்.

மாரப்பன் ஓரத்தில் இருந்த பழைய மிஷினைத் தட்டினார். "இது மொத மிஷினுங்க. பெரிய முதலாளி வாங்குனது. அவரு இருந்த வரைக்கும் நாக்காலி போட்டாலும் உக்கார மாட்டாருங்க. இங்கியேதான் நிப்பாரு." பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "அவரு பொண்ணை உங்க ஊருக்குத்தானுங்க குடுத்திருந்தாரு. பினாங்குன்னு யாராச்சும் வந்தாப் போதும், வேலையை உட்டுட்டுக் கேப்பாருங்க. அங்க மழை எப்படி, அரிசி கிடைக்குமா, சனங்க நல்ல மாதிரியான்னு. கேட்டதையே கேப்பாருங்க." மிஷின் மேல் இருந்த பஞ்சைத் தட்டிவிட்டு, "அந்தப் பொண்ணு அங்கதான் இருக்குதாம். உங்களுக்குத் தெரியுங்களா?" என்றார்.

யாஅல்லா, அந்த நிமிஷம் நான் பட்ட பாடு. நான்தான் அது என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மதினி என் முழங்கையைப் பற்றினார்.

"தெரியுங்க" என்றேன். "நல்லா இருக்கறா."

"நல்லா இருந்தாச் சரிங்க" என்றார் மாரப்பன். என் கண்ணைப் பார்த்துவிட்டு, "பஞ்சு பட்டிருச்சுங்களா? கசக்காதீங்க, தண்ணி தரச் சொல்றேன்" என்றார். நான் அத்தா நின்ற இடத்தில் நின்றேன். மிஷினின் சூடு முகத்தில் அடித்தது. இவ்வளவு போதும், இனிக் கப்பலேறலாம் என்று மனசு நிறைந்து நின்றபோதுதான் பின்னால் அண்ணன் குரல் கேட்டது.

கோயமுத்தூர் பஸ் பாதி வழியில் நின்றுவிட்டதாம். என் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டில் யாரோ சிநேகிதரோடு பேச உட்கார்ந்துவிட, அண்ணன் நேராகக் கம்பெனிக்கே வந்துவிட்டார். "முதலாளி, பினாங்குல இருந்து பார்ட்டி வந்திருக்காங்க" என்று மாரப்பன் பெருமையாகச் சொன்னார். அண்ணன் என்னைப் பார்த்தார். மதினியின் துப்பட்டிக்குக் கீழே தெரிந்த செருப்பைப் பார்த்தார், அவர் வாங்கிக் கொடுத்த செருப்பு. திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நாங்கள் இரண்டு பேரும் அசையாமல் நின்றோம். வேலை செய்த ஆட்களெல்லாம் முதலாளி என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணனுக்கும் தேள் கொட்டியதுதான், அவராலும் கத்தமுடியாது.

"வாங்க" என்றார் அண்ணன். பிறந்ததிலிருந்து என்னை வா போ என்று சொன்ன வாய். "மாரப்பா, கலர் சோடா வாங்கியாரச் சொல்லு."

முதலில் விறைப்பாகத்தான் காட்டினார். இது நூலு, இது துணி என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். ஆனால் மனிதர் பிறவி வியாபாரி. புதிதாக வாங்கிய மிஷின் பக்கம் வந்ததும் தன்னை மறந்துவிட்டார். அது எவ்வளவு வேகம், எத்தனை கஷ்டப்பட்டு வாங்கினார், வடக்கே இருந்து வந்த மெக்கானிக் என்ன சொன்னான், எல்லாம் சொன்னார். ஒரு பனியனை எடுத்து என் கையில் கொடுத்து, இழுத்துப் பாருங்க என்றார். இழுத்தேன். துவைத்தால் சுருங்குமா என்று கேட்டேன். அண்ணனுக்குச் சுருக்கென்றது. "நம்ம சரக்கா? கிழியறவரைக்கும் அதே அளவு நிக்குமுங்க." கழுத்துப் பட்டி கொஞ்சம் தளர்கிறதே என்றேன். அது உண்மை, என் வீட்டுக்காரருக்கு அப்படித்தான் ஆகிறது. அண்ணன் சட்டென்று நிறுத்தி, "நெசமாவா?" என்று கேட்டு, கட்டிங் மாஸ்டரைக் கூப்பிட்டு அங்கேயே என்னை வைத்துக்கொண்டு பேசினார். என் அண்ணனும் நானும் வாழ்நாளில் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் அந்தக் கொஞ்ச நேரத்துப் பேச்சுக்கு ஈடாகாது. சோறு, தண்ணி என்ற வார்த்தையே அதில் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. மதினி குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டார். சாயங்காலம் அண்ணன் வந்து, உட்கார்ந்து, அந்த உப்புக் குழம்பைத் தட்டில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். எழுந்திருக்கிற நேரத்தில் சொன்னார்:

"சலவைப் பட்டறையப் பாக்கோணும்னா காலைலயே போகோணும். வெயில் ஏறுனா கண்ணு கூசும்." பிறகு, தட்டைப் பார்த்துக்கொண்டே, "அந்த மலாயாத் துணியிலயே வா கண்ணு. இந்த ஊட்டுப் பொண்ணா வந்தா என்னால கூட்டிட்டுப் போக முடியாது."

எனக்குக் குதிக்க வேண்டும் போலவும் இருந்தது, நெஞ்சில் குத்தவும் செய்தது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி வரும் என்று கேட்காதீர்கள், வந்தது. நான் பதில் சொல்வதற்குள் சமையல்கட்டிலிருந்து மதினி கேட்டார்: "ஏனுங்க, அப்ப நான் எந்த ஊருக்காரியா வரட்டுங்க?"

அண்ணன் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். வெகுநேரம் கழுவினார். "அவ பெட்டியில இன்னொரு துணி இல்லாமயா இருக்கும்" என்று முற்றத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் நீலப் பூப்போட்ட பாஜுவில் மதினியைப் பார்க்க வேண்டுமே. சால்வை நழுவ நழுவ இழுத்துவிட்டுக்கொண்டு, வெட்கத்திலும் சந்தோஷத்திலும் முகம் சிவந்து, பினாங்கு மார்க்கெட்டில் விட்டால் நாலு பேர் மலாயில் பேச்சுக் கொடுப்பார்கள். அண்ணன் பட்டறை வாசலில் நிற்பதாகச் சொல்லி முன்னாலேயே போய்விட்டார். மூலையில் அதே வண்டிக்காரர் நின்றார். இன்றைக்கு அவரே திரையைச் சுருட்டி வைத்திருந்தார். நாங்கள் ஏறி உட்கார்ந்ததும், வந்த சந்துப் பக்கம் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"நேத்து உங்களுக்கு ஊரு காட்ட வந்தாங்களே, அந்த உள்ளூரு அம்மா, அவங்க வரலீங்களா?"

அந்நிய ஆண் முன்னால் அதுவரை குரலே காட்டாத மதினி, நான் வாயைத் திறப்பதற்குள் சொன்னார்: "இல்லீங்க. அவிங்களுக்கு ஊட்டுல வேலை இருக்குதுங்க. அவிங்களால வர முடியாதுங்க."

சொல்லிவிட்டு, தலையை வெளியே நீட்டி ஊரைப் பார்க்க ஆரம்பித்தார்.